பிஸ்கட் டின்னில் உப்பு

கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்தச் சாமானும் வாங்கி வந்த பாக்கெட்டில் இருக்காது. இருக்கவும் முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சீனி கட்டி தட்டும், ரொட்டி நமத்துப்போகும், உப்பைக் கேட்கவே வேண்டாம், தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலை, பாக்கெட்டை வெட்டி டின்னில் கொட்டுவதுதான். மூடியை அழுத்தி, காலிப் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுத்தான் கால் கழுவப் போவோம். பால்மாவு டின்னில் பருப்பு, காப்பித்தூள் போத்தலில் மஞ்சள், பழைய பெரிய பிஸ்கட் டின்னில் உப்பு. வெளியாள் வந்தால் தடுமாறிப்போவார்கள். எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் கை சரியான டின்னுக்குப் போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததே லேபல் ஒட்டும் இடத்தில். தோட்டத்து ஃபேக்டரியின் பேக்கிங் பகுதியில் நிற்பேன். லேபல் கோணலாக இருந்தால், ஓரம் சுருண்டிருந்தால், தேதி மங்கியிருந்தால் அந்தப் பாக்கெட்டை எடுத்து ஒதுக்க வேண்டும். "லேபல் இல்லாட்டி உள்ளுக்கு என்னா இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களைக் காய்ச்சி எடுப்பேன். அப்படிக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து எல்லா லேபலையும் கிழித்துப் போட்டேன். ஒரு நாளாவது உறைத்ததா? உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டியவர். வேலையிலிருந்து நின்ற வருடமே ரத்த அழுத்தம் என்றார்கள். சீனி வியாதி ஏற்கெனவே இருந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸி ஒருத்தி இருந்தாள், மலாய்க்காரப் பெண், என் மகள் வயது. கிச்சாப் என்கிற சோயா சாஸ் போத்தல் ஒன்றையும் பிஸ்கட் ரொட்டிப் பாக்கெட் ஒன்றையும் மேசையில் வைத்து என்னை எதிரே உட்காரவைத்தாள். முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள் என்றாள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற வரிசையில் முதலில் வருவதுதான் அதிகம் இருக்கும் என்றாள். பிறகு ரொட்டிப் பாக்கெட்டைத் திருப்பி, "இந்த அளவு மூன்று ரொட்டிக்குத்தான். உங்கள் வீட்டுக்காரர் எத்தனை சாப்பிடுவார்?" என்று கேட்டாள். ஒரு வரிசை முழுக்க என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தக் கட்டத்தை என் கையாலேயே எத்தனை ஆயிரம் பாக்கெட்டில் ஒட்டியிருப்பேன்! எங்கள் தேயிலையின் பின்னால் கொழுப்புக்கு நேரே பூஜ்யம், சீனிக்கு நேரே பூஜ்யம், உப்புக்கு நேரே பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்துப் பார்த்து, அது படிக்கிற சமாச்சாரம் என்றே எனக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். பிரிஞ்சாங் டவுன் கடையில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்புவேன். மூன்றாம் பாரம் வரை படித்தவள்தான், மலாயும் ஓடும், இங்கிலீஷும் கொஞ்சம் ஓடும். அவர் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டு கேலியாகக் கேட்பார்.

"என்னா போட்டிருக்கு?"

"மொத பேரே சீனி. அதுக்கப்புறம் குளுக்கோஸ், அதுவும் சீனிதான். திருடனுங்க, ஒரே ஆளுக்கு நாலு சட்ட மாட்டி அனுப்பியிருக்கானுங்க."

"வெச்சிட்டு வா புள்ள. கடைக்காரன் நம்மளையே பாக்குறான். லைப்ரரின்னு நெனச்சிட்டியா?"

வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டார். ஜன்னலோரம் அவருடைய பிரம்பு நாற்காலி. அங்கே உட்கார்ந்தபடி, நான் தண்ணீர்ப் போத்தலைத் தொட்டால்கூட, "என்னா போட்டிருக்கு?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் லயத்துப் பெண்கள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இத பாத்துச் சொல்லுங்க" என்று வாசலில் வந்து நிற்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போதுதான் அந்த உப்பு வந்தது. கடையில் மலிவு விலையில் குவித்து வைத்திருந்தார்கள். முன்பக்கத்தில், சோடியம் குறைவு என்று பெரிதாகப் போட்டிருந்தது. நானா முன்பக்கத்தை நம்புகிறவள்? திருப்பினேன். சாதாரண உப்பில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் உப்பைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு அப்போது எனக்கு அர்த்தமே தெரியாது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. அதையும் படித்தேன். தமிழில் அவருக்குச் சத்தமாகவே சொன்னேன்.

"கிட்னி நல்லாத்தான் இருக்கு லா," என்றார் அவர். "வாய்தான் செத்துப்போச்சி. வாங்கு புள்ள, ஆறு பாக்கெட்டா வாங்கு."

நானும் சிரித்துக்கொண்டே ஆறு பாக்கெட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆறையும் வெட்டி, பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டி, மூடியை அழுத்தினேன். பாக்கெட்டெல்லாம் குப்பைக்குப் போனது. படித்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை விடாமல் துரத்துகிறது. படிக்காமல் வாங்கியிருந்தால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று அழுது தீர்த்திருப்பேன்.

லயத்தில் எல்லாரிடமும் அந்த உப்பைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவளுடைய வீட்டுக்காரனுக்கும் அழுத்தம் உண்டு. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுக்காத குறைதான்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி வியாதி கிட்னியைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் வாயைக் கட்ட வேண்டும். அதே மிஸ்ஸி மறுபடி என்னை எதிரே உட்காரவைத்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. இனிமேல் பொட்டாசியம் என்ற பெயரையும் பாருங்கள் என்றாள். அது ரத்தத்தில் ஏறினால் கை கால் சோர்ந்துபோகும், அதற்கு மேலும் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்றாள். வாழைப்பழம், தக்காளி, கிழங்கு, கீரை என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தாள். உப்பு எப்படி என்று கேட்டாள். "ரொம்பக் கம்மிதான் மிஸ்ஸி," என்றேன். நல்லது என்று தலையை ஆட்டினாள்.

தாளோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே அடுப்படியில் இருந்த பாக்கெட்டையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். கிச்சாப், சாஸ், டின் மீன், மீ நூடுல்ஸ் பாக்கெட், அவர் ஒளித்து வைத்திருந்த பழச்சாறு. ஒன்று விடாமல் திருப்பினேன். பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன். அலமாரியில் வரிசையாக டின்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. அரிசி, பருப்பு, சீனி, உப்பு. அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? பிஸ்கட் டின்னின் பக்கவாட்டில் கட்டம் ஒன்று அச்சாகியிருந்தது. பழக்கதோஷத்தில் கண் அதன் மேல் ஓடியது. என்றைக்கோ தின்று தீர்த்த பிஸ்கட்டின் கொழுப்பும் சீனியும் அதில் போட்டிருந்தது.

நாலு மாதம் அவரைப் பொத்திப் பொத்திப் பார்த்தேன். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டித்தான் கொடுப்பேன். கீரையை நிறுத்தினேன். காய்கறி விளைகிற மலையில் இருந்துகொண்டு தக்காளியை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். "உப்பே இல்ல புள்ள. கொஞ்சம் போடு." நான் போட மாட்டேன். நாலு தடவை கேட்டால் ஒரு சிட்டிகை, சோடியம் குறைந்த உப்புதானே என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, போடுவேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் ஒரு மருந்துத்தூளைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். மிஸ்ஸி என்னிடம், வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. நான் ஊறவைத்துக் கொட்டிய தண்ணீரை இவள் பார்த்தாளா? என் வீட்டில் எந்தத் தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தப்பு வெளியே நடக்கிறது. கார் பார்க்குக்கு வருவதற்குள் முடிவே கட்டிவிட்டேன்.

தினமும் காலையில் அவர் பஸ் ஏறி கியா பார்முக்குப் போவார். அங்கே சாலையோரத்தில் அவருடைய பழைய சிநேகிதர் காய்கறிக் கடை வைத்திருந்தார். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சுடச்சுட சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் விற்பார். மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்து வருகிறவர் வாயை மூடிக்கொண்டா உட்கார்ந்திருப்பார்?

"கெழங்கு தின்னீங்களா?" என்றேன்.

"இல்ல."

"சோளம்?"

"ஒண்ணும் திங்கல புள்ள. மாதா சத்தியமா."

"மாதாவ எதுக்கு இழுக்குறீங்க? ரத்தம் பொய் சொல்லுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. நான் அவருடைய சட்டைப் பையைச் சோதித்தேன். ஒரு மிட்டாய்க் காகிதம் கிடைத்தது. அதை அவருடைய முகத்துக்கு நேரே ஆட்டினேன். முப்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்த மனுஷனை, ஆஸ்பத்திரி கார் பார்க்கில், நாலு பேர் பார்க்க, திருடனைச் சோதிக்கிற மாதிரி சோதித்தேன்.

அதோடு விட்டேனா? மறுநாள் அவருக்கு முன்னால் நான் கியா பார்முக்குப் போய் நின்றேன். கோலாலம்பூர்க் கார்கள் வரிசையாக நின்றிருந்த நேரம். சிநேகிதரைப் பிடித்து, "சாகடிக்கிறதுக்கா அவருக்கு ஓசியில கெழங்கு குடுக்குறீங்க?" என்று கத்தினேன். அந்த மனிதர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, அவன் இங்க வெறும் தண்ணிதான் குடிக்கிறான். கெழங்க நீட்டினா, வேணாம்டா, வீட்டுல புள்ள பாடுபடுதுன்னு சொல்றான்," என்றார். நான் நம்பவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை சப்பைக்கட்டு கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவர் கியா பார்முக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். நான் அவரோடு பேசவில்லை. ஐந்து நாள். சாப்பாட்டை வைப்பேன், தட்டை எடுப்பேன். மூன்றாம் நாள், "காலு ரெண்டும் கனமா இருக்கு, எந்திரிக்க முடியல," என்று சொன்னார், எனக்கா, ஜன்னலுக்கா என்று தெரியாத மாதிரி. மிஸ்ஸி சொன்னது என் காதில் ஒலித்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "திருட்டுத் தீனி தின்னா கனக்கத்தான் செய்யும்." ஐந்து நாளில் நான் அவரிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மனசு கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அவருக்குப் பிடித்த பூண்டுக் கஞ்சி வைத்தேன். கிண்ணத்தை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கப் பயந்துகொண்டு பார்த்தார். எழுந்து போய் டின்னைத் திறந்தேன். சிட்டிகை போடவில்லை. ஒரு கரண்டி போட்டேன். சோடியம் கம்மி உப்புதானே, ஒரு நாள் வாய்க்கு ருசியாகக் குடிக்கட்டுமே.

"இதுதான் கஞ்சி," என்றார். கிண்ணத்தை வழித்துக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அதற்கும் உப்புப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சமாதானமாகத்தான் படுத்தோம்.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அழுத்தம், சீனி, கிட்னி மூன்றும் இருக்கிற ஆளுக்கு இது எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. நானும்தான். பெட்டியை மூடும்போதுகூட, கிழங்கு தின்று செத்தாயே பாவி என்றுதான் கதறினேன். சிநேகிதர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. வெளியே போய் மழையில் நின்றார்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து சில வாரம் கழித்து உப்பு டின் காலியானது. அதுவரை அதே உப்பைத்தான் நானும் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கிட்னி நல்ல கிட்னி.

பிரிஞ்சாங் கடையில் அதே இடத்தில் அதே பாக்கெட் இருந்தது. எடுத்தேன். பழக்கம், திருப்பினேன். பொட்டாசியம் என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே எறும்பு எழுத்து வரி. அதைப் படித்து முடித்தபோது, பின்னால் தள்ளுவண்டியில் சாய்ந்தபடி அவர் பேசுவது நன்றாகக் கேட்டது எனக்கு.

"என்னா போட்டிருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாக்கெட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தேன். பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு, கம்போங் ராஜாவரை போய்விட்டேன். அங்கே ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, லோரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கிழங்குகூடத் தின்னவில்லை. மாதா சத்தியம் உண்மைச் சத்தியம். பொய் சொன்னது ரத்தமும் இல்லை, அவரும் இல்லை. என் அலமாரிதான்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் எதைத் திருப்பினாலும் அந்தக் குரல் கேட்டது. பல் விளக்கும் பசையைத் திருப்பினாலும் கேட்டது. முன்பு அது கேலி. இப்போது நிஜமாகவே கேட்கிற கேள்வி. நாற்காலியைத் துணி போட்டு மூடினேன். துணிக்குள்ளிருந்து கேட்டது. பாக்கெட் வாங்குவதையே நிறுத்திப் பார்த்தேன். லயத்துப் பெண்கள் படிக்கச் சொல்லி வந்தால், கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். ஐந்து நாள் புருஷனோடு பேசாமல் இருந்ததைச் சொன்னேன். உப்பைச் சொல்லவில்லை. ஃபாதர் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னார். எழுந்து வெளியே வந்தபோது, போனதைவிடப் பாரமாகத்தான் இருந்தது. எட்டு மாதம் இப்படியே வாயைத் திறக்காமல் ஓட்டினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கையில் ஒரு தாள், மறுகையில் பிளாஸ்டிக் பை நிறையப் பாக்கெட்டுகள். தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

"கிட்னியாம் அக்கா," என்றாள். "அண்ணனுக்குச் சொன்ன மாதிரியேதான் சொல்றாங்க. நீங்கதான் எல்லாத்தையும் படிச்சிச் சொல்லணும். கண்ணாடி ஒடஞ்சிச்சின்னு சொல்லாதீங்க, நேத்துகூட கோயில்ல போட்டிருந்தீங்க."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து படித்தேன். கிச்சாப், சாஸ், மீ. பையைக் கவிழ்த்துக் கடைசி வரை படித்தேன். உப்பு அதில் இல்லை. எப்படி இருக்கும்?

"உப்பு?" என்றேன்.

"அதுக்குக் கவல இல்ல கா. அண்ணனுக்கு நீங்க வாங்கின அதே உப்புதான். நீங்க சொன்னதிலேருந்து நாங்க வேற உப்பு தொடறதே இல்ல."

சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு, "கர்த்தர் உங்கள நல்லா வெச்சிருக்கணும் கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லயத்துச் சுவர் பலகைச் சுவர். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தான். சோறு போட்டாள். அப்புறம் அவன் குரல்.

"உப்பே இல்ல புள்ள. கொஞ்சம் போடு."

மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. டின் மூடி. அது எனக்குத் தெரியாதா?

செருப்பில்லாமல் ஓடினேன். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். அவள் கரண்டியோடு நின்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"போடாத. அந்த உப்ப போடாத."

"ஏங்கக்கா? கம்மி உப்புதானே?"

"பாக்கெட் எங்க?"

"டின்னுல கொட்டிட்டு அப்பவே குப்பைல போட்டாச்சே கா. யாரு வெச்சிருப்பா?"

"அதுல பாதி பொட்டாசியம். கிட்னிக்காரங்க தொடக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. நான் படிச்சேன். படிச்சிட்டு மறந்துட்டேன்." கரண்டியைப் பிடுங்கி வைத்தேன். "நாளைக்கே மிஸ்ஸிகிட்ட போயி, இத்தன மாசம் இதத்தான் தின்னோம்னு சொல்லு. ரத்தம் எடுக்கச் சொல்லு. நானும் வரேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வர வேண்டிய கேள்வி வந்தது.

"அப்ப... அண்ணனுக்கு?"

"போட்டேன்," என்றேன். "கடைசி நாளு கரண்டி கரண்டியா போட்டேன். அதாலதான் போனாரான்னு எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் இனிமே தெரியாது. ஆனா அவரு திருடித் திங்கல. நாந்தான் குடுத்தேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. டின்னை எடுத்துப் பின்வாசலுக்குப் போய்க் கவிழ்த்தாள். மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனுக்கும் பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. அவனை அங்கேயே படுக்கவைத்தார்கள், ஆறு நாளில் நடந்து வீட்டுக்கு வந்தான். அந்த மிஸ்ஸியிடம் என் கதையையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வீட்டுக்கு வந்த மறுநாள் நான் கியா பார்முக்குப் போனேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னால் கத்திய அதே இடம். சிநேகிதர் கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். உப்பு, டின், பாக்கெட், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, அவரு திங்கல," என்றேன்.

அவர் தலையைத் தூக்காமல் ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மா," என்றார்.